இதர

வண்ணார்பேட்டையில் மூன்றாம் மாடி.
கீழே டயர் கடை, நடுவில் பல் ஆஸ்பத்திரி,
மேலே நாங்கள் பதினொரு பேர்
ஐரோப்பாவின் முகங்களை அழிக்கிறோம்.

ஊரின் பெயர் எங்களுக்குச் சொல்வதில்லை.
கோப்பு எண் மட்டும் வரும்.
ஆனாலும் கொஞ்சம் தெரிந்துவிடும்:
கல்கரைக்குள் ஒரு ஆறு,
ஆற்றில் யாரும் குளிப்பதில்லை,
சைக்கிளுக்குத் தனி வழி,
நாய்க்குக்கூடக் கோட்டு.

சட்டம் அவர்களுடையது, மவுஸ் எங்களுடையது.
முகத்தின்மேல் ஒரு கட்டம் இழுத்தால்
நனைந்த கோலமாய்க் கலையும்.
வண்டி எண், கடைக்குள் நிற்கும் கழுத்து,
கண்ணாடியில் விழுந்த பாதி மூக்கு
எதையும் விடக்கூடாது.
விட்டால் ஜெபச்செல்வன் சார் பின்னால் வந்து நின்று
தொண்டையைச் செருமுவார்.

ஆவணியில் ஒரு கடிதம் வந்தது.
அந்தத் தெருவார் கூடிப் பேசினார்களாம்.
நாற்பத்து மூன்று பேரில் இருபத்தாறு கை.
போக்குவரத்தை எண்ணத்தான் படம் தந்தோம்,
எண்ணி முடிந்தது, இனி அழியுங்கள்.
கூடவே கூட்டக் குறிப்பு; தவறி வந்திருக்க வேண்டும்.
அதில் ஒருத்தி சொல்லியிருந்தாள்:
இரவு மூன்று மணிக்கு என் ஜன்னலில் விளக்கு எரிவது
என் விஷயம்.

எனக்குத் தெரியும் அந்த ஜன்னல்.
இரண்டாம் தளம், மஞ்சள் திரை, பூக்காத ஒரு தொட்டி.
எட்டு மாதம் அது எரிந்ததைப் பார்த்தவள் நான்.
குழந்தையா, நோயா, பரீட்சையா என்று
நைட் ஷிப்டில் யோசித்ததுண்டு.
அழித்தேன்.
பிரதி எங்கும் இல்லை என்ற சான்றில் கையெழுத்திட்டேன்.
மஞ்சள் திரையைப் பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லை.

தச்சநல்லூரில் எங்கள் தெருமுனையிலும் கம்பம் உண்டு.
கேமராவைவிடப் பெரிய போர்டு:
உபயம், ஒரு நகை மாளிகை.
கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைக்கும் பெயர்போல
இங்கே பார்வையின்மேல் பெயர்.

பகுதி சபைக் கூட்டம். மாநகராட்சிப் பள்ளி,
நான்காம் வகுப்பு அறை.
குட்டை பெஞ்சில் முட்டி மடக்கி உட்கார்ந்தோம்.
சாக்கடை, நாய், மறுபடி சாக்கடை.
நான் எழுந்து கேட்டேன்:
அந்தக் கேமரா பார்ப்பதை யார் பார்க்கிறார்கள்?
எத்தனை நாள் வைத்திருப்பார்கள்?
நம்மில் யாரிடம் கேட்டார்கள்?

கவுன்சிலர் கோமதிநாயகம் சிரித்தார்.
'தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயம்?'
பாதிப் பேர் தலையாட்டினார்கள்.
சங்கிலி பறிகொடுத்த உலகம்மாள் அக்கா
'இருக்கட்டும் தாயி, அது ஒரு கண்ணு' என்றாள்.
அவள் கழுத்துத் தழும்பின் முன்
என் கேள்வி கொஞ்சம் இளைத்துப்போனது.

பின் பெஞ்சிலிருந்து ஆட்டோ மைதீன் பிச்சை:
'எம் மவன லாரி தட்டுன அன்னைக்கு
அந்தப் படத்துக்காக மூணு எடம் ஏறுனேன்.
ஆபீஸ்ல, நகைக்கடைல கேளுங்கான்.
நகைக்கடைக்காரன், ஸ்டேஷன்ல கேளுங்கான்.
ஸ்டேஷன்ல, அழிஞ்சு போச்சுவேங்கான்.
கண்ணுன்னா, யாரு கண்ணு அது?'

ஃபேன் மட்டும் சுற்றியது.
அங்கே, அழியுங்கள் என்று கை தூக்கினார்கள்.
இங்கே அழித்தது யாரென்றே தெரியவில்லை.

கை தூக்கச் சொன்னேன்.
ஒன்பது.
உலகம்மாள் அக்காவுடையது தோள்வரைதான் வந்தது,
அதையும் சேர்த்து.

எழுத்தர் இசக்கிராஜ் நோட்டைப் புரட்டினார்.
குடிநீர், தெருவிளக்கு, சுகாதாரம், சாலை
எதிலும் இது அடங்கவில்லை.
கடைசியில் 'இதர' என்பதற்குக் கீழே எழுதினார்:
கேமரா பற்றிப் பேசப்பட்டது.
பேசப்பட்டது இல்லை, கேட்கப்பட்டது என்றேன்.
அடித்துத் திருத்தினார்.
ஒன்பது பேர் என்றும் போடுங்கள்.
போட்டார்.
பெயர், கையெழுத்து, கைபேசி எண் என்று
நோட்டை என் பக்கம் திருப்பினார்.

'கைபேசி எண் எதுக்கு?'

நோட்டை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை.
'கட்டம் இருக்குல்லா' என்றார்.